மொட்டை மாடியில் இரண்டாவது ஆள்

பென்னாகரத்தில் ஒரு மனிதன் நிம்மதியாக ஒரு டீ வாங்கிக் குடிக்க முடியாமல் போனதற்கு இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பொறுப்பு. அவருக்கு ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு அவர் டவர். தபால்காரர்கூடக் கவரின் மேல் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "டவர் வூடு தானுங்களே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் உள்ளே வருவார்.

செல்போன் டவர் என்று நினைத்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் உயரமாக ஒரு கண்ணாடிக் கூண்டு நிற்குமே, அதற்குள் உட்கார்ந்து மைக்கில் பேசியே விமானங்களை இறக்கி ஏற்றுகிற உத்தியோகத்தில் ஆயுளைக் கழித்துவிட்டுப் பென்ஷனோடு சொந்த ஊருக்குத் திரும்பியவர். பென்னாகரத்தில் விமானம் இறங்காது. பெங்களூருக்கும் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறவை எங்கோ உயரத்தில் வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். இறக்குவதற்கு விமானம் இல்லாத குறையை அவர் எங்களை வைத்துத் தீர்த்துக்கொண்டார்.

அவருக்குக் கொள்கை என்று இரண்டு உண்டு. சொன்னதைக் கேட்டவன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. எந்த வேலையிலும் ஒரு ஆள் தனியாக இருக்கவே கூடாது என்பது மற்றொன்று. இரண்டும் ஆகாயத்துக்குப் பொருந்தலாம். டீக்கடைக்குப் பொருந்துமா என்பதை அவர் யோசித்ததே இல்லை.

"ரெண்டு டீ. ஒண்ணு சக்கரை கம்மி" என்பார். டீ மாஸ்டர் பழனி டம்ளரை எடுப்பார்.

"திருப்பிச் சொல்லுங்க."

"ரெண்டு டீங்க சார்."

"சக்கரை?"

"ஒண்ணு கம்மிங்க."

"துண்டு துண்டா வேணாம். முழுசா."

பழனி பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிப்பதுபோல முழுசாகச் சொல்வார். அதன் பிறகுதான் டவர் பெஞ்சில் உட்காருவார். இது பழனிக்குப் பழகிப்போய், கடைசியில் யார் என்ன கேட்டாலும் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் "ஒரு பன்னு" என்றார். பழனியும் "ஒரு பன்னு" என்றார். டிரைவர் முறைத்துப் பார்த்து, "என்னாய்யா, நக்கலா?" என்றார். பழனி அதையும் திருப்பிச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பெஞ்சு ஒன்று உடைந்தது.

முடிதிருத்தும் கடையில் இதைவிட மோசம். பாதி முகம் மழித்த நிலையில் கடைக்காரர் சாப்பிடக் கிளம்பி, மீதியைத் தம்பியிடம் விட்டார். டவர் கத்தியைத் தடுத்துவிட்டார். போனவர் திரும்பி வந்து தம்பியின் பின்னால் நின்று, "இடது கன்னம் முடிஞ்சுதுடா, வலது பாக்கி, மீசையில கை வெக்கக் கூடாது" என்று முறைப்படி ஒப்படைக்கும்வரை, ஒரு கன்னத்தில் நுரையோடு சிவனே என்று உட்கார்ந்திருந்தார். பிறப்பால் அவர் கிறிஸ்தவர் என்பது வேறு விஷயம்.

அவர் மனதாரப் பாராட்டிய ஒரே ஏற்பாடு ஞாயிற்றுக்கிழமைப் பூசைதான். "ஃபாதர் சொல்றாரு, சனங்க அத்தனை பேரும் திருப்பிச் சொல்றாங்க. ஒருத்தர் மறந்தாலும் பக்கத்து ஆளு எடுத்துக் குடுத்துருவாரு. இத்தன காலமா ஒரு விபத்து கெடையாது பாருங்க" என்பார்.

நான் அப்போது பென்னாகரம் கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். குடும்பம் தர்மபுரியில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் போனால் திங்கட்கிழமை திரும்புவேன். மற்ற நாளெல்லாம் டவர் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். ஒருநாள் நான் எருமைக்கு ஊசி போடுவதைப் பார்க்க மருந்தகத்துக்கே வந்துவிட்டார். என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "என்ன மருந்து? சத்தமாச் சொல்லுங்க. எந்தத் தொடை? சொல்லிட்டுப் போடுங்க" என்றார். நான் "வலது தொடை" என்று கத்தியதில் எருமை மிரண்டு ஒரு உதை விட்டது. என்னை விட்டுவிட்டது. இரண்டாவது ஆளைத்தான் உதைத்தது. நொண்டிக்கொண்டே, "பாத்தீங்களா, நான் நிக்காட்டி அது உங்களுக்கு விழுந்திருக்கும்" என்றார்.

என் அறைக்கு வெளியே மொட்டை மாடி. அங்கே அவருடைய கயிற்றுக் கட்டில் நிரந்தரமாகக் கிடக்கும். அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மாடியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெயில் மஞ்சளாகி இறங்குகிற வேளையில் காட்டுப் பக்கமிருந்து ஒரு காற்று வரும். ஒகேனக்கல் சாலையில் ஆடுகள் வீடு திரும்பும். மணிச் சத்தம் மட்டும் மேலே ஏறி வரும், ஆடு தெரியாது. தலைக்கு மேல் வெகு உயரத்தில் ஒரு விமானம் சத்தமே இல்லாமல் போகும். அதன் வயிற்றில் மட்டும் வெயில் மிச்சமிருக்கும். நான் செல்போனில் விமானத் தடம் காட்டும் ஆப்பைப் பார்த்து, "துபாய் போவுதுங்க சார்" என்பேன். அவர் தலையை ஆட்டுவார். துபாய் போகிற நூற்றுக்கணக்கான பேருக்குக் கீழே ஆடுகள் மணி ஆட்டிக்கொண்டு போவது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கிடப்பேன். எனக்கு நேரம் போவதே தெரியாது.

ஆனால் அவர் மாடியேறுவதில் ஒரு விசித்திரம் இருந்தது. சில நாள் விடிந்ததுமே ஏறிவிடுவார். சில நாள் மதியம். சில நாள் ஏறவே மாட்டார். ஏறிவிட்டால் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களும் மாடிக்குத்தான் வர வேண்டும். பக்கத்து வீட்டில் குழாய் உடைந்து தெருவெல்லாம் வெள்ளமாக ஓடியபோதும் அவர் இறங்கவில்லை. நடுவில் திடீரென்று தானாக இறங்கி, ஏதாவது சாப்பிட்டு, தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி ஏறுவார். ஊரில் இதற்குப் பல விளக்கங்கள் இருந்தன. வேண்டுதல் என்றார் ஒருவர். பழனி மட்டும் குரலைத் தாழ்த்தி, "கர்நாடகா பார்டர் பக்கமில்லீங்களா, கவருமெண்டே ரகசியமா ஒக்கார வெச்சிருக்கும்" என்று சொல்லி வந்தார்.

உண்மை எனக்குத் தெரியவந்தது அவருடைய மகள் ஸ்டெல்லாவால். அப்பாவின் வேலையையே படித்து வாங்கி, நாட்டின் வடகிழக்கில் ஒரு மலை ஊரில், சின்ன விமான நிலையத்து டவரில் இருந்தாள். ஒருநாள் டவரின் செல்போன் கீழே சார்ஜில் கிடந்து அடித்துக்கொண்டே இருக்க, நான் எடுத்தேன்.

"அங்கிள், அப்பா மாடியிலயா? எனக்கு இப்ப பிரேக்குன்னு சொல்லிருங்க. கீழ எறங்கிச் சாப்புடட்டும்."

"ஒனக்கு பிரேக்குன்னா அவரு எதுக்கும்மா எறங்கணும்?"

 சிரித்தாள், அது முழுச் சிரிப்பாக இல்லை.

"உங்களுக்குத் தெரியாதா அங்கிள்? இங்க என்கூட இருந்தவருக்கு டிரான்ஸ்பர் ஆயிட்டுது. இன்னும் ஆளு போடல. பாதி ஷிஃப்டு நான் தனியாதான். அன்னையிலயிருந்து என் டூட்டி நேரமெல்லாம் அப்பாவும் ஒக்காந்துக்கிறாரு. நான் எந்திரிச்சாதான் அவரும் எந்திரிப்பாரு."

"அவரு இங்க ஒக்காந்தா அங்க என்னம்மா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. நானும் சொல்லிப் பாத்துட்டேன். ஆனா அங்கிள், அடுத்த பிளேன் வர்ற வரைக்கும் மலையைப் பாத்துக்கிட்டே இருக்கணும் பாருங்க, அப்போ அப்பா முழிச்சிருக்காருன்னு நெனச்சா எனக்கும் கண்ணு சொக்க மாட்டேங்குது."

நான் மாடிக்குப் போய், "பிரேக்குங்க சார்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கண்டுபிடித்துவிட்டது தெரிந்துபோயிற்று. "பிரேக்கு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று முதல் அந்த மனிதரை என்னால் முழு மனதோடு கேலி செய்ய முடியவில்லை. பாதி மனதோடு செய்தேன்.

பிறகு அவரே எல்லாம் சொன்னார். இதுவரை ஆள் பற்றாக்குறையால் நடந்ததை இனி ஏற்பாடாகவே ஆக்கப் பேச்சு நடந்தது. சின்ன டவர்களில் ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஆள். மிச்சமாகிற ஆட்களைப் பெரிய நிலையங்களுக்கு அனுப்பிவிடலாம், செலவும் குறையும். அதை ஆராய ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் பக்கத்து நாற்காலிக்கு ஆள் வருமா வராதா என்பது அந்த முடிவில்தான் இருந்தது.

நான் அரசாங்கச் சம்பளக்காரன். செலவு என்றால் எனக்கும் ஒரு கருத்து வந்துவிடும். "ரெண்டு பிளேன் வர்ற ஊருக்கு ரெண்டு ஆளு கொஞ்சம் அதிகந்தானுங்களே சார்? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லியிருக்குதே" என்றேன்.

"அளந்து போடத்தான் சொல்லியிருக்குது. போடாதேன்னு சொல்லல" என்றார். முகம் சிவந்துவிட்டது. "பிளேன் மேல பிளேன் வந்தா யாருக்கும் தூக்கம் வராது தம்பி. ஒண்ணு போயி அடுத்தது வர்றதுக்குள்ள சும்மா கெடக்கிற நேரம் இருக்குது பாருங்க, அங்கதான் ஆபத்து. மனசு எந்திரிச்சு வெளிய போயிரும். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. தனிமரம் தோப்பாவாது."

"டவர்ல தோப்பு எதுக்குங்க?" என்று நான் சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

அவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். மாடியில் குடியிருக்கிறவனோடு சண்டை, ஆனால் தண்ணீர் மோட்டார் போடுவதைச் சொல்லியாக வேண்டும். அவர் பழனியிடம் சொல்வார், பழனி என்னிடம் சொல்வார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும், பழனி அதை அவரிடம் போய்த் திருப்பிச் சொல்வார். இந்தக் கோபத்தில் எங்களைவிட அதிகம் இளைத்தவர் பழனிதான்.

கோபம் தணிந்த ஒரு சாயங்காலம் அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் காசு தெரியாதவன் இல்ல தம்பி" என்றார் மெதுவாக. "அந்த ஏர்போர்ட்டுல வரவைவிட செலவு அதிகம். ரெண்டு ஆளு வேணும்னு நான் அடம்புடிச்சா, மூடிட்டுப் போயிருவாங்க. அந்த மலைச் சனம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதே அந்த பிளேன்லதான். ஒரு ஆளே போதும்னு விட்டா, எம்புள்ள ஒருநாள் கண்ணசந்துட்டாள்னா? அத்தன உசுரு போவும். இவளும் அதுக்கப்பறம் இருந்தும் இல்லாதவதான். எந்தப் பக்கம் நின்னு பேசறது, சொல்லுங்க."  மேலே ஒரு விமானம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஸ்டெல்லாவுக்கு வார விடுமுறை வந்த ஒருநாள், அவரை மாடியிலிருந்து பெயர்த்து எடுத்து ஒகேனக்கலுக்கு பஸ் ஏற்றினேன். மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து, பரிசலில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் மனசு ஆறும் என்று என் திட்டம். மீன் வரைக்கும் திட்டம் ஒழுங்காகப் போனது. பரிசல் துறைக்கு வந்ததும் மனிதர் நின்றுவிட்டார்.

துறையில் ஒரு பாறைமேல், மர நிழலில், முனியப்பன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். பரிசல்களை முறைப்படி விடுவது அவர் வேலை. உள்ளே போகிற வழி ஓரிடத்தில் இரண்டு பக்கமும் பாறைச்சுவர் எழும்பிக் குறுகிவிடும். போவதும் வருவதும் அங்கே எதிர்ப்படக் கூடாது. ஒன்று வெளியே வந்த பிறகு இவர் கையைக் காட்டினால்தான் அடுத்தது போகும். துறையைக் குத்தகை எடுத்தவர், இரண்டு ஆள் சம்பளம் கட்டுப்படியாகாது என்று அந்த இடத்துக்கு ஒரே ஆளைத்தான் போட்டிருந்தார்.

டவரின் முகம் மாறியது. "ஒரே ஆளா?" என்றார். ஆனால் முனியப்பன் பக்கத்தில் இன்னொருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "நீங்க இவருக்கு அசிஸ்டெண்டுங்களா?" என்று கேட்டார்.

"அசிஸ்டெண்டா? நல்லாக் கேட்டீங்க!" என்றார் அந்த ஆள். "நான் பரிசல்காரனுங்க. அடுத்த முறை என்னுது. இந்தாளை நம்பித் தூரப் போயி ஒக்காந்தேன்னு வெச்சுக்குங்க, என் முறையைத் தூக்கி அவரு மச்சானுக்குக் குடுத்துருவாரு."

"எப்பவோ ஒருக்கா குடுத்தேன், அதையே சொல்லிக்கிட்டு..." என்று முனியப்பன் முனகினார்.

இந்த ஆள் முறை வந்து போனதும் அடுத்த முறைக்காரர் ஓடிவந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். போகிறவர் போகிற போக்கில், "நான் உள்ள போறேன், வெளிய வர்ற வரைக்கும் அடுத்தது போகக் கூடாது, பாத்துக்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பரிசலில் ஏறினார். முனியப்பன்மேல் அங்கே ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. அதனால் அந்த இடம் ஒரு நொடிகூடக் காலியாகவே இல்லை. இதை யாரும் சட்டம் போட்டு ஏற்படுத்தவில்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. முனியப்பன் செல்போனில் யாரிடமோ மீன் விலை பேசிக்கொண்டே, கவனமில்லாமல் ஒரு பரிசலுக்குக் கையை ஆட்டிவிட்டார். அதில் குழந்தை குட்டியோடு ஒரு குடும்பம். பக்கத்தில் இருந்தவர் பாறையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"யோவ் இரு, இரு! உள்ள ஒண்ணு இன்னும் வரலய்யா!"

துடுப்பு போட்டவர் பரிசலைச் சுழற்றி நிறுத்திக்கொண்டார். சற்று நேரத்தில் பாறைச்சுவருக்குள்ளிருந்து ஒரு பரிசல் வேகமாக வெளியே வந்து, இவர்களை ஒட்டிக்கொண்டு போனது. அந்தக் குடும்பம் அதைப் பார்த்துக் கையசைத்துச் சிரித்தது. அவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. டவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடித்த இடம் கன்றிப்போய்விட்டது.

"தம்பி" என்றார், "சந்தேகம் சம்பளம் கேக்காது."

அன்று அவர் பரிசலில் ஏறவே இல்லை. நானும் ஏறவில்லை. பொழுது சாயும்வரை அந்தப் பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆள் மாறி ஆள் வந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பரிசல்கள் மெல்லச் சுழன்று சுழன்று போயின. சாரல் எங்கள்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஏதோ கனவில் இருப்பவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் கண் பாதி செருகிவிட்டது. குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் வந்து எங்கள் இருவரையும் நோயாளிகள் என்று முடிவு செய்து, சலுகை விலை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

கமிட்டியார் ஓய்வு பெற்றவர்களிடமும் வீடியோவில் கருத்துக் கேட்டார்கள். டவரின் தொல்லை தாங்காமல் அவருக்கும் ஒருநாள் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு மனிதர் மேலே கோட்டும் டையும், கேமராவில் தெரியாது என்ற தைரியத்தில் கீழே வேட்டியுமாக, ஒகேனக்கலில்தான் வந்து உட்கார்ந்தார். நான் லீவு போட்டுவிட்டுச் செல்போனைப் பிடித்துக்கொண்டேன். எல்லா டவருக்கும் இரண்டு முழு ஆள் வேண்டும் என்று பல மாதமாக அவர் எழுதிய பெரிய அறிக்கையும், கடலைப் பொட்டலமும் ஒரே பையில் இருந்தன. பேச்சு தொடங்குவதற்கு முன் ஒரு குரங்கு வந்து பையைத் தூக்கிக்கொண்டு மரமேறியது. கடலையை எடுத்துக்கொண்டு மற்றதைக் காவிரியில் போட்டுவிட்டது.

அவர்கள் பேசியது இங்கிலீஷில். என் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன்.

"பின்னால் அது என்ன சத்தம்?" என்றார் தலைவர்.

"காவிரிங்க."

"நீங்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு அதிகாரி கேட்கிறீர்கள். அவ்வளவு பணம் கிடையாது, தெரியுமல்லவா?"

"கேட்டதைத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றார் டவர். நான் திகைத்துப்போய் செல்போனைச் சாய்த்துவிட்டேன். கமிட்டிக்கு வேட்டி தெரிந்திருக்கும். "விமானம் நிறைய வருகிற நேரத்துக்கு இரண்டு அதிகாரி போட்டே ஆகணும், அதில் பேரம் கிடையாது. குறைவாக வருகிற இடத்தில் ஒருத்தர் இருக்கட்டும். ஆனா பக்கத்து நாற்காலி காலியா இருக்கக் கூடாது. அங்கே தீயணைப்புக்காரங்க எப்படியும் சம்பளத்தில் இருக்காங்க. முறை வெச்சு ஒருத்தரை மேலே அனுப்புங்க."

"அவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது. விமானியோடு பேசக் கூடாது."

"பேச வேணாம். காதால கேக்கட்டும், கண்ணால பாக்கட்டும். டவர்ல இருக்கறவங்க கை காட்டறது தப்பாப்போனா நெருப்புல ஓடப்போறது அவங்கதான். அந்தப் பயமே அவங்களைத் தூங்க விடாது." இப்படிச் சொல்லி, செல்போனை என்னிடமிருந்து வாங்கி, முனியப்பனையும் அவர் பக்கத்துச் சந்தேகத்தையும் கமிட்டிக்குக் காட்டினார். முனியப்பன் டிவி என்று நினைத்துத் தலையைச் சீவிக்கொண்டார். யாரோ சிரித்தது கேட்டது. தலைவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, அதற்குள் சிக்னல் போய்விட்டது.

பதில் வரவில்லை. அதற்குள் ஸ்டெல்லாவுக்கு எல்லா ஷிஃப்டும் தனி ஷிஃப்டாகிவிட்டது. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. டவருக்குக் காய்ச்சல். குடை பிடித்துக்கொண்டு மாடியில் நனைந்துகொண்டிருந்தார்.

"எறங்குங்க சார்! ஸ்டெல்லா பாப்பா ஊர்ல மழையே இல்லையாம்" என்று கத்தினேன்.

"இங்க பேஞ்சா நான் எறங்கிரணுமா?"

"இந்தக் காய்ச்சல் மாட்டுக்கு வந்தா மூக்கணாங்கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்."

"அவ பிரேக்குக்கு இன்னும் நேரம் இருக்குது" என்றார். பல் தந்தியடித்தது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மருந்தகத்திலிருந்து தார்ப்பாயைக் கொண்டுவந்து கட்டிலுக்கு மேல் கட்டினேன். பழனி நாலு மூலையையும் இழுத்துப் பிடித்து, நான் சொல்லாமலே, "மூணு முடிஞ்சுது, ஒண்ணு பாக்கிங்க" என்றார். அந்த மாதம் முழுவதும் தார்ப்பாய்க்கு அடியில்தான் அவர் தன் ஷிஃப்டைப் பார்த்தார்.

மழை விட்ட பிறகு ஒருநாள் ஸ்டெல்லாவின் பிரேக்கில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். சில சின்ன நிலையங்களில் சோதனை முறையில் செய்து பார்க்க உத்தரவு, அதில் அவளுடையதும் ஒன்று. தீயணைப்புக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்.

"ஆனா அப்பா, அந்தாளு உசுர வாங்கறாருப்பா! அது எங்க போவுது, இது ஏன் இன்னும் வரல, எதுக்கு இப்ப அப்படிச் சொன்னே, கேள்வி மேல கேள்வி. நான் சொல்றத எல்லாம் அவரும் வாய்க்குள்ளயே திருப்பிச் சொல்லிக்கிறாரு."

டவர் சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அப்புறமும் சிரித்தார். "கேக்கட்டும்மா, கேக்கட்டும். அவருக்கு உம்மேல நம்பிக்கையே வந்துரக் கூடாது, அந்தமாரி நடந்துக்க" என்றார்.

மறுநாள் அவளுக்கு மதிய ஷிஃப்டு. பார்த்தால் மனிதர் வழக்கம்போல மாடியேறி வருகிறார்.

"இன்னும் எதுக்குங்க சார்? அதான் ஆளு போட்டாச்சே" என்றேன்.

"சும்மாதான் தம்பி. காத்து வாங்க."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தார். அவளுக்கு பிரேக் வருவதற்குள்ளேயே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை ஒன்று கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஆட்டு மணி கேட்டது. உயரத்தில் ஒரு விமானம் போனது, அதற்குப் பின்னால் வெகு தூரம் விட்டு இன்னொன்று. அவருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை மாதத்துத் தூக்கமோ.

அது வெள்ளிக்கிழமை. நான் பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது. கீழே தர்மபுரி பஸ் ஹாரன் அடித்தது, கொஞ்சம் நின்று பார்த்தது, போய்விட்டது. நான் பையை இறக்கி வைத்துவிட்டு, சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, அவர் விழிக்கும்வரை கூட உட்கார்ந்திருந்தேன்.